பதினோராம் படத்து மனிதன்

பலெர்மோவில் ரயில் நின்றபோது, எட்டுப் பேர் அமரக்கூடிய அந்த அறையில் நான் ஒருத்திதான் மிஞ்சியிருந்தேன். காரணம் என் காலடியில் கிடந்த பார்சல். கொழும்பில் எங்கள் பத்திரிகையின் அச்சுப் பகுதியில் வேலை செய்யும் ஒருவர், தன் மைத்துனரிடம் சேர்க்கச் சொல்லித் தந்த இரண்டு கிலோ பாரைக் கருவாடு. நான்கு பொலித்தீன் உறைகளையும் மீறி அது பேசிக்கொண்டே வந்தது. முதலில் ஒரு கன்னியாஸ்திரி யன்னலைத் திறந்தார். பிறகு ஒரு படைவீரன் எழுந்து நடைபாதைக்குப் போனான். கடைசியாக ஒரு தம்பதி, இறங்கும் இடம் வந்துவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, ஓடுகிற ரயிலில் பெட்டி மாறினார்கள்.

மைத்துனரின் பெயர் செபமாலை. மன்னார்க்காரர், நாற்பது வயதிருக்கும். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்னும் மத்திய ரயில் நிலையத்தில் மேடையின் முனையில் நின்றவர், பெயர் எழுதிய அட்டையை நான் வெளியே எடுக்குமுன்பே நேராக என்னிடம் வந்தார்.

“எப்பிடித் தம்பி என்னைக் கண்டுபிடிச்சனீர்?”

“மணத்தைப் பிடிச்சுக்கொண்டு வந்தன் அக்கா. ரெண்டு பெட்டிக்கு முன்னமே தெரிஞ்சிட்டுது, பாரை எண்டு.”

ரோமில் பத்திரிகையாளர் பயிற்சி ஒன்று முடிந்திருந்தது. ஊர் திரும்ப ஆறு நாள் இருந்தது. போர்ச் செய்தி அல்லாத ஏதாவது ஒன்று ஞாயிறு மலருக்கு வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். பலெர்மோவில் பரோக் காலத்துக் கடற்கரைப் படங்களின் கண்காட்சி ஒன்று திறக்கப்போகிறது என்று செபமாலை கடிதத்தில் எழுதியிருந்தார். வீட்டு வேலை செய்யும் ஒருவர் ஏன் இதைப் பற்றி எழுதுகிறார் என்பது, சீசா என்னும் பகுதியில் அவருடைய வீட்டுக் குசினிக்குள் நுழைந்ததும் விளங்கியது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுவதும் பதினெட்டுக் காகிதத் துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் எண், அதன் கீழே நான்கைந்து வரிகள். எழுத்துத் தமிழ், மொழி இத்தாலியம்.

“பரீட்சை அக்கா,” என்றார் செபமாலையின் மனைவி ஜெசிந்தா. “இந்த வயசில. வியாழக்கிழமை.”

விசயம் இதுதான். செபமாலை நான்கு வருடமாக லிபெர்த்தா என்னும் பணக்காரத் தெருவில் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது சீமாட்டியின், வீட்டில் வேலை செய்கிறார். கண்காட்சிக்குப் போகும் பதினெட்டுப் படங்களும் அந்தச் சிஞ்ஞோராவின் காலமான கணவர் சேர்த்தவை. மாத முடிவில் சிஞ்ஞோரா மிலானில் இருக்கும் மகளிடம் போகிறார். வேலை போகும். வேலை இல்லையென்றால் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி, புதுப்பிக்கப்படாது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் குவெஸ்தூரா என்னும் பொலிஸ் அலுவலகத்துக்கு, புதிய முதலாளி ஒருவரின் கடிதத்தோடு போகவேண்டும்.

சிஞ்ஞோராவின் உறவினர் ஒருவர், எல்லாரும் புரொஃபெசோரே என்று அழைப்பவர், பழைய நகரத்தில் ஒரு சிறு கண்காட்சிக் கூடம் நடத்துகிறார். அவருக்கு ஒரு காவல்காரர் வேண்டும். கூடத்தைத் திறக்க, கூட்ட, பார்வையாளருக்கு ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று அதன் குறிப்பை மனப்பாடமாகச் சொல்ல. சொல்லிக் காட்டினால் வேலை, வேலையென்றால் கடிதம்.

“அங்கை மன்னாரில கடலுக்குப் போக நேவியிட்டைப் பாஸ் வேணும். இஞ்சை தரையில நிக்கப் பாஸ் வேணும்,” என்றார் செபமாலை.

அன்று கருவாடு பொரித்த புகை நான்காம் மாடியிலிருந்து இறங்கி முற்றத்தை நிரப்பியது. எதிர் யன்னலில் ஒரு கை தோன்றி, காயப்போட்ட படுக்கை விரிப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தது. ஜெசிந்தா தலையை நீட்டி மன்னிப்புப் போல ஏதோ சொன்னார். பதிலுக்கு அந்தக் கை ஒரு எலுமிச்சம் பழத்தைக் காட்டியது. புகைக்கு எலுமிச்சை நல்லது என்பதா, மீனுக்கு நல்லது என்பதா என்று எங்களுக்குள் கருத்து வேறுபாடு.

திங்கட்கிழமை அவரோடு லிபெர்த்தாவுக்குப் போனேன். அகலமான தெரு, பெரிய மரங்கள், பித்தளைக் கைபிடி போட்ட கதவுகள். அந்தக் கைபிடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் செபமாலைக்குத் தமிழில் வணக்கம் சொன்னார்கள். கொழும்பில் கறுவாத்தோட்டத்துப் பெரிய வீடுகளிலும் காலை எட்டு மணிக்கு இதே துடைப்புத்தான் நடக்கும். இங்கே துடைப்பவர் இத்தாலியத்தில் பேசிவிட்டுத் தமிழில் முணுமுணுக்கிறார்.

சிஞ்ஞோரா எனக்குக் கை கொடுத்து, ஒரு சிறு கோப்பையில் கோப்பி கொடுத்து, பிறகு தூங்கப் போய்விட்டார். நீண்ட நடைவழியின் இரண்டு சுவர்களிலும் படங்கள்.

செப்புத் தகட்டில் கோடுகளாகக் கீறி, மையிட்டு, காகிதத்தில் அழுத்தி எடுத்தவை. முந்நூறு வருடத்துக்கும் மேல் பழையவை. எல்லாம் கடற்கரை. மேலே பாதிக் காகிதத்துக்கு முகில், நடுவே மலை, பாறை, முறிந்த மரம். கீழே, அரிசி அளவில் மனிதர்கள். முதலில் யாரும் தெரிவதில்லை. கண் பழகியதும் ஒருவர் பின் ஒருவராக வெளியே வருகிறார்கள். பீப்பாய் உருட்டுகிறவர்கள், கவிழ்த்த வள்ளத்துக்குத் தார் பூசுகிறவர்கள், நெருப்பை ஊதுகிறவர், கழுதையைத் திட்டுகிறவர். ஒரு படத்தில் பாறைக்குப் பின்னால் ஒருவர் வேலை செய்யாமல் ஒளிந்திருந்தார். அவரைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

அச்சகத்தில் படங்களின் புள்ளிகளைப் பார்க்கப் பயன்படுத்தும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி எப்போதும் என் கைப்பையில் இருக்கும். எங்கள் பத்திரிகைப் படங்களில் அதை வைத்தால் மனிதர் மறைந்து புள்ளிதான் தெரியும். இங்கே எதிர்மாறு. கண்ணாடியை வைக்க வைக்க மனிதர்களுக்கு விரல் முளைத்தது, கயிற்றுக்கு முறுக்கு வந்தது. நான் நடைவழியில் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து பார்த்தேன்.

“எல்லாரும் இடக்கையர் அக்கா, கவனிச்சனீங்களே?” என்றார் செபமாலை. ஈரப் பத்திரிகைத் தாளால் சட்டங்களின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உண்மை. சுத்தியல், கத்தி, துடுப்பு, எல்லாம் இடது கையில். தகட்டில் கீறியது காகிதத்தில் இடம் வலமாக மாறி விழும், எங்கள் அச்சகத்திலும் அப்படித்தான் என்று விளக்கினேன். அவர் தலையசைத்தார். நான்கு வருடமாகச் செவ்வாய்தோறும், மூக்கு முட்டும் தூரத்தில் நின்று இந்தக் கண்ணாடிகளைத் துடைத்திருக்கிறார். இந்த முறை செவ்வாயில் படங்களைக் கொண்டுபோக ஆட்கள் வருவதால் ஒரு நாள் முந்திய துடைப்பு.

பதினோராவது படத்துக்கு வந்தோம். கரிய முகில், செங்குத்துப் பாறை, பாறை உச்சியில் இரண்டு கைகளையும் உயர்த்திய ஒரு மனிதன். கீழே கரையில் கயிறொன்றைப் பிடித்தபடி இரண்டு வரிசை ஆட்கள். தூரத்தில் பாய் இறக்கிய ஒரு வள்ளம்.

“இதின்ர குறிப்பைச் சொல்லும் பாப்பம்,” என்றேன்.

அவர் நிமிர்ந்து நின்று இத்தாலியத்தில் தொடங்கினார். காகிதத்தில் இருந்ததன் பொருள் இது: புயலுக்கு அஞ்சிய ஒரு மனிதன் பாறை மீது நின்று செபிக்கிறான், கரையில் உள்ளவர்கள் ஆபத்தில் சிக்கிய கப்பலைக் கயிறு கட்டி மீட்கிறார்கள், இயற்கையின் முன் மனித உழைப்பு எவ்வளவு சிறியது. ‘பிரேகா’, செபிக்கிறான், என்ற சொல்லுக்கு வந்ததும் செபமாலை நின்றார். உதடு நடுங்கியது. பிறகு சிரித்துவிட்டார்.

“மன்னிக்கவேணும் அக்கா. இதில வந்தாச் சிரிப்பு வருகுது. அவன் எங்கை செபிக்கிறான்? மீன் பாக்கிறான்.”

கரைவலை இழுக்கும் இடங்களில் உயரத்தில் ஒருவர் நிற்பாராம். வள்ளத்தில் இருப்பவனுக்கு மீன் கூட்டம் தெரியாது, மேலே இருப்பவனுக்குத் தண்ணீரின் நிற மாற்றம் தெரியும். கைகளால் சொல்லுவார். இரண்டு கையும் மேலே என்றால் பொறு, மீன் இன்னும் வருகிறது. ஒரு கை நீட்டினால் அந்தப் பக்கம் வளை. இரண்டு கையையும் ஒரேயடியாக முழங்கால் மட்டும் இறக்கினால் வளைத்தாயிற்று, இழு.

“கப்பலை மீக்கிறாங்களாம். உவ்வளவு கயிறு பிடிக்கிறவங்கள் ஒருத்தனும் கப்பலைப் பாக்கேல்லை, கண்டியளே? எல்லாரும் மேல நிக்கிறவனைப் பாக்கிறாங்கள்.”

கண்ணாடியை வைத்தேன். அத்தனை அரிசி மூக்குகளும் பாறை உச்சியை நோக்கி இருந்தன.

முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த குறிப்பின் பொருளைக் கேட்டு, அதை நம்பி என் கட்டுரையின் முதல் பந்தியை எழுதி வைத்திருந்தேன். இயற்கையின் பேருருவம், அஞ்சி நிற்கும் மனிதன் என்று தொடங்கியது. நல்ல பந்தி. அதைக் கிழிக்கும்போது மனம் வலித்தது, ஆனால் கை வேகமாக இருந்தது. அதைவிட நல்ல செய்தி ஒன்று என் மூக்குக்கு முன்னால் தொங்கியது.

அன்று மாலை ஜெசிந்தாவிடம் இதைச் சொன்னோம். அவர் தான் வேலை செய்யும் வீட்டில் ஒரு மூதாட்டியைப் பகல் முழுவதும் தூக்கி இருத்தி, படுக்க வைத்துவிட்டு வந்திருந்தார்.

“அவன் செபிச்சால் உங்களுக்கென்ன, மீன் பாத்தால் உங்களுக்கென்ன?” என்றார் கணவரிடம். “புரொஃபெசோரே எழுதினதை அப்பிடியே சொல்லுங்கோ. பெர்மெஸ்ஸோ கையில வரட்டும். பிறகு அவன் பாறையில நிண்டு டான்ஸ் ஆடட்டும்.”

“நான் சொல்லாமல் விடேல்லை. சிரிப்புத்தான் வருகுது.”

“வீட்டில ஒரு நாளும் வராத சிரிப்பு.”

செவ்வாய்க்கிழமை தனியே பஸ் ஏறித் தவறான திசையில் போனேன். கடைகள் குறைந்து, கட்டடங்கள் உயர்ந்து, கடைசியில் பஸ்ஸில் நானும் ஒரு பெண்மணியும் மட்டும். நெற்றியில் குங்குமம் இருந்ததால் தமிழில் கேட்டேன். அவர் பிரெஞ்சில் பதில் சொன்னார். மொரீசியஸ்காரர், பெயர் செல்வினா. முப்பாட்டன் காலத்தில் போன குடும்பம். தமிழில் அவருக்கு வருவது முருகனின் பெயர்களும் கறிகளின் பெயர்களும். இரண்டையும் ஒழுங்காகச் சொல்லிக் காட்டினார். பிறகு என் கையைப் பிடித்து இறக்கி, தெருவைக் கடக்க வைத்து, சரியான பஸ்ஸில் ஏற்றி, சாரதியிடம் ஏதோ எச்சரித்துவிட்டுப் போனார். சாரதி ஒவ்வொரு தரிப்பிலும் என்னைத் திரும்பிப் பார்த்து, இது அல்ல என்று விரலை ஆட்டினார்.

இறங்கிய இடத்தில் பசி. கடலை மாவைக் கூழாக்கி, மெல்லிய தகடுகளாக்கிப் பொரித்துப் பாண் ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். நம் கடலை வடையை யாரோ இஸ்திரி போட்டதுபோல. இரண்டு சாப்பிட்டேன், மிளகாய் மட்டும் குறை.

ஒரு தகவலுக்கு ஒரு மூலம் போதாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். புதன்கிழமை கூடத்துக்குப் போனேன். முன்பு குதிரை லாயமாக இருந்த இடம். படங்கள் வந்து, பாதி தொங்கியிருந்தன. புரொஃபெசோரே மெலிந்தவர், மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நிதானமான ஆங்கிலம், நல்ல மரியாதை. வேண்டுமட்டும் பார்க்கச் சொன்னார். பதினோராவது படத்தைக் கண்ணாடியால் ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தேன். பாறை மனிதன் பார்க்கும் திசையில், நீருக்கு மேலே, நுண்ணிய கீறல்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. பறவைகள். வள்ளத்திலிருந்து கரை வரை, அலையின் நுரை என்று நான் நினைத்த புள்ளிகள் சம இடைவெளியில் அரைவட்டமாகப் போயின. நுரை இவ்வளவு ஒழுங்காக நிற்காது. அவை வலையின் மிதப்புகள்.

அந்தத் தகட்டைக் கீறியவர் கரையில் நின்று பார்த்திருக்கிறார். முகிலை அவர் விருப்பப்படி கறுப்பாக்கியிருக்கலாம். வேலையில் அவர் ஒரு கோடுகூடப் பொய் சொல்லவில்லை.

புரொஃபெசோரேயிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் செபமாலையின் வேலை என்னாகும் என்று தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை செபமாலை வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பஸ்ஸில் முழுவதும் உதடு அசைந்துகொண்டிருந்தது. இறங்கும்போது, “பதினோராவது வரேக்கை என்ர முகத்தைப் பாக்காதேங்கோ அக்கா,” என்றார்.

கூடத்தில் ஒருவர் ஏணியில் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மற்றப்படி நாங்கள் மூன்று பேர். ஒன்றாம் படம், இரண்டாம் படம். செபமாலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிழையில்லாமல் சொன்னார். ஐந்தாவதில் புரொஃபெசோரேயின் புருவம் உயர்ந்தது, எட்டாவதில் தலையசைப்பு. பத்தாவது முடிந்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

பதினோராவது. பாறை, மனிதன், புயல். ‘பிரேகா’ என்றார். நல்லது, தப்பிவிட்டோம் என்று நான் நினைத்த கணத்தில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அடக்கப் போய்ப் பெரிதாகி, கூடத்தின் வளைவுகளில் எதிரொலித்தது.

புரொஃபெசோரே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நான் எழுதியதில் எது வேடிக்கை?” என்று கேட்டார். இத்தாலியத்தில்தான் கேட்டார், ஆனால் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

நான் செபமாலைக்காகப் பேசியிருக்கலாம். அதற்குப் பதிலாக என் உருப்பெருக்கியை எடுத்துப் புரொஃபெசோரேயிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

அப்போது செபமாலை, படங்கள் வந்த மரப்பெட்டி ஒன்றை இழுத்து நடுவில் போட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். படத்தைச் சுட்டிக் காட்டினார். வார்த்தை எதுவும் சொல்லாமல் இரண்டு கைகளையும் உயர்த்தினார். கண் எங்கோ தூரத்தில் இருந்தது. நெடு நேரம். பிறகு ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக வளைத்தார். பிறகு இரண்டு கைகளையும் முழங்கால் மட்டும் சடாரென்று இறக்கினார்.

ஏணியில் இருந்தவர் சுத்தியலை இடுப்பில் செருகி, இல்லாத கயிறு ஒன்றை இரண்டு கைகளாலும் இழுத்துக் காட்டினார். சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். செபமாலை பெட்டியில் நின்றபடியே எனக்குத் தமிழில் சொன்னார்.

“தன்ர மாமனும் இதுதான் செய்தவராம். ரெண்டு நாளா இந்தப் படத்துக்கு ஆணி அடிக்கிறாராம். ஆர் அந்த ஆள் எண்டு ஒருத்தரும் தன்னட்டைக் கேக்கேல்லையாம்.”

புரொஃபெசோரே கையை நீட்டினார். உருப்பெருக்கியைக் கொடுத்தேன். படத்தின் மேல் குனிந்தார். என் கைக்கடிகாரத்தில் நான்கு நிமிடம். பறவைகள், மிதப்புகள், மூக்குகள் என்று நான் வரிசையாகச் சொன்னேன். அவர் குனிந்தபடியே, குறிப்புகள் அச்சாகி வந்துவிட்டன என்றார். பிறகு, நீங்கள் போகலாம் என்றார். உருப்பெருக்கி அவர் கையில் இருந்தது. கேட்கத் தோன்றவில்லை.

அன்று குசினியில் ஜெசிந்தா சட்டியை அடுப்பில் வைத்த சத்தம் மூன்றாம் மாடிக்குக் கேட்டிருக்கும்.

“சிரிச்சிட்டு வந்திருக்கிறார். நாலு வருசம் பொறுத்த மனுசனுக்கு நாலு வரி பொறுக்கேலாமல் போச்சு.” என் பக்கம் திரும்பினார். “நீங்களும் கண்ணாடியை நீட்டினீங்களாம்.”

“ஓம்,” என்றேன்.

“கடிதம் தரமாட்டன் எண்டு அவர் சொல்லேல்லை,” என்றார் செபமாலை.

“தருவன் எண்டும் சொல்லேல்லை.”

சாப்பிட்டு முடிந்து தட்டுகளைக் கழுவும்போது ஜெசிந்தா திடீரென்று கேட்டார்: “அந்த ஆணி அடிக்கிறவர் உண்மையா இழுத்துக் காட்டினவரே?” செபமாலை எழுந்து இழுத்துக் காட்டினார். ஜெசிந்தா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

வெள்ளிக்கிழமை நான் எழும்பியபோது செபமாலை போய்விட்டிருந்தார். முதலில் கூடம், கதவு திறக்கும்வரை காத்திருப்பு, பிறகு குவெஸ்தூரா. என் ரயில் பகலில். நிலையத்துக்கு நேராகப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, குவெஸ்தூராவுக்கு எதிரே இருந்த தரிப்பில் பெட்டியோடு போய் நின்றேன். இடையில் அகலமான தெரு, ஹோர்ன் அடிப்பதற்கென்றே கார் வாங்கியவர்கள்போல் நகரமே ஓடிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் பலவிதமான மனிதர்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரே விதமான பிளாஸ்டிக் உறை.

முதல் பஸ் வந்தது. விட்டேன். இரண்டாவதையும் விட்டேன். பக்கத்தில் கத்தரிக்காய்ப் பையோடு நின்ற ஒரு கறுப்பு உடை அம்மா, இவளுக்கு எந்தப் பஸ்தான் பிடிக்கும் என்பதுபோல் பார்த்தார்.

மூன்றாவது பஸ் முனையில் திரும்பும்போது செபமாலை படிக்கட்டின் உச்சிக்கு வந்தார். நேற்றைய வெள்ளைச் சட்டை. என்னைக் கண்டுவிட்டார். வாயைத் திறந்து ஏதோ சொன்னார், வாகன இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. நான் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் ஒரு கணம் நின்றார். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தினார். வலது கையில் ஒரு வெள்ளைக் காகிதம்.

கத்தரிக்காய் அம்மா பார்த்தார். முகம் இளகியது. “பிரேகா,” என்று மெல்லச் சொல்லிச் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். ஆறு நாளில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த இத்தாலியச் சொற்களில் அது ஒன்று.

“நோ, சிஞ்ஞோரா,” என்றேன். “பெஷே.” மீன்.

அவர் தெருவில் மீனைத் தேடினார். படிக்கட்டின் உச்சியில் செபமாலை இரண்டு கைகளையும் சடாரென்று முழங்கால் மட்டும் இறக்கினார். நான் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, பஸ் வந்து நிற்க நிற்க, அத்தனை பேர் முன்னிலையிலும் அந்தக் கயிற்றை இழுத்தேன்.